கடையில் சந்தனம், வீட்டில் இளஞ்சிவப்பு

கேள்வி: ஷேடு கார்டைப் பார்த்துக் கூடத்துக்கு இளஞ்சந்தன நிறம் தேர்ந்தெடுத்தோம். அடித்து முடித்த பின் சுவர் பகலில் இளஞ்சிவப்பாகவும், இரவில் சோகை பிடித்தது போலவும் தெரிகிறது. தரை ரெட் ஆக்சைடு, கதவுகள் தேக்கு. கலவையில் தவறில்லை என்கிறார் பெயிண்டர். மறுபடியும் அடிப்பதானால் எந்த நிறத்தை எடுக்கலாம்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: பெயிண்டர் சொல்வது சரியாகவே இருக்கலாம். சன்னல் வழியே விழும் வெயில் சிவப்புத் தரையில் பட்டு, அந்தச் சிவப்பையும் சேர்த்துக்கொண்டுதான் சுவருக்கு ஏறுகிறது. சுவரின் கீழ்ப்பகுதியில் சிவப்பு தூக்கலாகவும், மேலே போகப் போகக் குறைந்தும் தெரிந்தால் காரணம் தரைதான் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இரவுக் குறைக்குக் காரணம் வேறு. நம் வீடுகளில் வழக்கமாக மாட்டப்படும் 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறச்சாயலைச் சொல்லும் அளவு; எண் குறையக் குறைய மஞ்சள் கூடும்) டியூப்லைட்டின் வெளிச்சத்தில் நீலம் மிகுதி என்பதால், சந்தனத்தின் மஞ்சள் அதில் எடுபடாமல் சாம்பல் பூத்துவிடுகிறது. ஆகவே பெயிண்ட் வாங்கும் முன் விளக்கை மாற்றிப் பாருங்கள். அட்டைப்பெட்டியில் 3000 அல்லது 4000 கெல்வின் என்று அச்சிட்டிருப்பதை வாங்குங்கள். செலவு குறைவு என்பதோடு, பாதி மனக்குறை அதிலேயே தீர்ந்துவிடவும் கூடும்.

அப்படியும் அடிக்கத்தான் வேண்டுமென்றால், சிவப்போ ஆரஞ்சோ உள்ளோடும் சந்தனங்களை ஒதுக்கிவிட்டு, காய்ந்த கோரைப்பாயைப் போல மஞ்சளுக்குள் சற்றே பச்சையும் சாம்பலும் கலந்த நிறத்தைத் தேடுங்கள். தரையிலிருந்து ஏறும் சிவப்பை அந்தப் பச்சை அடக்கிவிடும். தேக்கும் அதன் அருகில் எடுப்பாகத் தெரியும். ஒளியை எவ்வளவு திருப்பி அனுப்பும் என்பதற்கு எல்.ஆர்.வி. என்றொரு எண் உண்டு; கூடத்துக்கு 60 முதல் 70 வரை போதும். 80-ஐத் தாண்டினால் அது ஏறக்குறைய வெள்ளை. தரையின் சாயல் அதில் பளிச்சென்று தெரியும். பளபளப்பான பூச்சிலும் இதே தொல்லை உண்டென்பதால், துடைக்கக்கூடிய மேட் வகையைக் கேளுங்கள்.

விரல் நகமளவு கார்டை நம்பி முழுச் சுவரை ஒப்படைப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை. இரண்டடிச் சதுர வெள்ளை அட்டையில், ஓரத்தில் நான்கு விரல் வெள்ளை விட்டு, இரண்டு கோட் அடித்துக் காயவிடுங்கள். அந்த ஓரம் இல்லையென்றால் பழைய சுவரின் நிறம் கண்ணை ஏமாற்றும். அட்டையைக் கதவருகே, தரையை ஒட்டி நிமிர்த்தி வைத்து, காலையிலும், மாலை நான்கு மணிக்கும், விளக்குப் போட்ட பிறகும் பாருங்கள். மூன்று வேளையும் பிடித்திருந்தால் வாங்குங்கள். உட்கூரைக்கு நீலம் கலந்த தூய வெள்ளை வேண்டாம். அதன் அருகில் நல்ல சந்தனமும் அழுக்காகத் தெரியும்.

கேள்வி: வாடகை வீடு, வெள்ளைச் சுவரை மாற்ற அனுமதி இல்லை. இதமான தோற்றம் வர என்ன செய்வது?
– வாசகர், மதுரை

பதில்: மேலே சொன்ன விளக்கு மாற்றம் உங்களுக்கும் பொருந்தும். சன்னல்களுக்கு வெளுக்காத காடாத்துணியில் திரை தைத்துப் போடுங்கள். பகல் வெளிச்சமே இளமஞ்சளாக உள்ளே வரும்.