லினக்ஸுக்கு மாறிட்டேன், மனசு ஒட்ட மாட்டேங்குது

கேள்வி: ரிட்டயர்டு டீச்சர் நான். 2016-ல வாங்குன லேப்டாப்புல விண்டோஸ் 11 ஏறாதுன்னு தம்பி மகன் விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மிண்ட் போட்டுக் குடுத்துட்டான். சி டிரைவையே காணோம், தமிழ்99 கீபோர்டுல புள்ளி தானா விழ மாட்டேங்குது, பாமினியில அடிச்ச பழைய கதைங்க எல்லாம் இங்கிலீஷ் எழுத்தா தெரியுது. பழையபடி விண்டோஸ் 10-க்கே போயிரலாமா?
- வாசகி, தேவகோட்டை

பதில்: போகாதீங்க டீச்சர். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட் முடிஞ்சிருச்சு, பதிவு பண்ணுனவங்களுக்கு நீட்டிச்சதும் 2026 அக்டோபர் 13 வரைக்கும்தான். மிண்ட் 22-ன்னா 2029 வரைக்கும் அப்டேட் வரும், இந்த மெஷினுக்கு அது தாராளம்.

உங்களுக்கு மனசு ஒட்டாததுக்கு முக்கியமான காரணம் அந்தப் புள்ளிதான்னு எனக்குத் தோணுது, எழுதுற கைக்கு கீபோர்டு தடுக்குனா எந்த கம்ப்யூட்டர்தான் பிடிக்கும் சொல்லுங்க. தம்பி மகன் வெறும் கீபோர்டு லேஅவுட்ல தமிழைச் சேர்த்துக் குடுத்திருப்பார், அதுல எழுத்து வரும், ஆனா தமிழ்99-க்கே உரிய அந்தத் தானியங்கிப் புள்ளி வராது. மிண்ட்லயே இருக்கற சாஃப்ட்வேர் மேனேஜரைத் திறந்து ஐபஸ்-எம்17என்-னு (ibus-m17n) தேடி இன்ஸ்டால் பண்ணிட்டு, இன்புட் மெத்தட்ல ஐபஸைத் தேர்ந்தெடுத்து, ஒருதடவ லாக்அவுட் பண்ணி வந்து ஐபஸ் பிரிஃபரன்சஸ்ல தமிழ்99-ஐ சேர்த்துக்கங்க. அப்புறம் அ அடிச்சு, ம-வை ரெண்டு தடவ தட்டி, ஆ அடிச்சுப் பாருங்க, அம்மான்னு புள்ளியோட வந்து நிக்கும், அந்த நிமிஷத்துலேர்ந்து இது உங்க கம்ப்யூட்டர்.

பாமினி கதைங்க எங்கயும் போகல. அது யூனிகோடு, அதாவது எல்லா மெஷின்லயும் தமிழ் தமிழாவே தெரியற இப்போதைய எழுத்து முறை, வர்றதுக்கு முந்தின முறை, இங்கிலீஷ் எழுத்து இருக்கற இடத்துல தமிழ் உருவத்தை வச்ச ஃபான்ட், அதனால அந்த ஃபான்ட் இல்லாத மெஷின்ல அப்படித்தான் தெரியும். பழைய பேக்கப்ல ஃபான்ட் ஃபைல் இருந்தா அதை டபுள் கிளிக் பண்ணி இன்ஸ்டால் குடுங்க, போதும், மிண்ட்ல வேர்டுக்குப் பதிலா இருக்கற லிப்ரே ஆபீஸ்ல தமிழா தெரியும். ஆனா நேரம் கிடைக்கறப்ப ஒவ்வொண்ணா யூனிகோடுக்கு மாத்தி வச்சிருங்க, அது லினக்ஸுக்காக மட்டும் இல்ல, பத்து வருஷம் கழிச்சும் அந்தக் கதைங்களை யாராவது தேடிப் படிக்கணும்ல.

சி டிரைவை இனிமே தேடாதீங்க. உங்க சாமான் எல்லாம் ஹோம்-ங்கற ஒரே ஃபோல்டருக்குள்ளதான். புதுசா எதாவது வேணும்னா வெப்சைட் வெப்சைட்டா போய் செட்டப் ஃபைல் இறக்க வேணாம், முதல்ல சாஃப்ட்வேர் மேனேஜர்ல பாருங்க, எல்லாத்துக்கும் அப்டேட்டும் ஒரே இடத்துல வரும். எனக்கு மிண்ட்ல ரொம்பப் பிடிச்சதே இதுதான், அப்டேட்டை நாம சொல்றப்பதான் போடும், பாதி எழுதிக்கிட்டு இருக்கறப்ப தானா ரீஸ்டார்ட் ஆகாது.

எல்லாருக்கும் இதையே சொல்லுவேனான்னா மாட்டேன். டேலி, ஃபோட்டோஷாப்னு பொழப்பே அதுல ஓடுறவங்க விண்டோஸையும் கூட வச்சுக்கறது நல்லது. உங்களுக்கு எழுத்துதான் வேலை, அதனால தைரியமா இருங்க.

பத்திரிகைக்கு அனுப்பறப்ப மட்டும் சேவ் ஆஸ்ல வேர்டு ஃபார்மட்டைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்க, அவங்க பக்கம் சிக்கல் இல்லாம திறக்கும்.