மேரி யாருடைய மகள்?

கேள்வி: என் மருமகள் அமெரிக்கர். அவருடைய முன்னோர்களில் ஒருவரான மேரி, ஒஹாயோ மாநிலக் கிராமம் ஒன்றில் விவசாயி ஒருவரின் மனைவியாக வாழ்ந்து 1904இல் இறந்தார். கல்லறையில் அவர் பெயரும் இன்னாரின் மனைவி என்பதும் மட்டுமே உள்ளன. அருகிலுள்ள கணவரின் கல்லில், உள்நாட்டுப் போரில் அவர் இருந்த படைப்பிரிவின் எண் பொறிக்கப்பட்டிருக்கிறது. மேரியின் பெற்றோரை எப்படிக் கண்டறிவது?

பதில்: மேரியின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் ஆயிரம் மேரிகள் வருவார்கள். திருமணத்துக்குப்பின் கணவரின் குடும்பப்பெயருக்கு மாறிவிட்ட கிராமத்துப் பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயர், பெரும்பாலும் பிறருக்காக எழுதப்பட்ட ஆவணங்களில்தான் தங்கியிருக்கும். ஆகவே முதலில் அவருடைய பிள்ளைகளைத் தேடுங்கள்.

ஒஹாயோவில் மாநில அளவிலான இறப்புச் சான்றிதழ் முறை 1908 டிசம்பரில்தான் தொடங்கியது. மேரி அதற்கு முன்பே இறந்துவிட்டார். அவருடைய இறப்பு, கவுண்டியின் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) புரோபேட் நீதிமன்றப் (உயில், வாரிசுரிமை விவகாரங்களைப் பார்க்கும் நீதிமன்றம்) பதிவேட்டில் இருக்கலாம். ஆனால் அந்தப் பதிவேடுகளில் பெற்றோர் பெயர் இருக்கும் என்று நம்பியிருக்க முடியாது. மாறாக, 1908க்குப் பின் இறந்த அவருடைய பிள்ளைகளின் சான்றிதழ்களில் தாயின் பிறந்த வீட்டுப் பெயருக்கென்றே தனி இடம் உண்டு. 1953 வரையிலான ஒஹாயோ சான்றிதழ்களை ஃபேமிலிசெர்ச் என்ற வம்சாவளி ஆவணத் தளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். தகவல் சொன்னவர் மருமகனாகவோ பேரனாகவோ இருந்தால் பெயர் பிசகியிருக்கக்கூடும் என்பதால், ஒரு பிள்ளையோடு நிறுத்தாமல் எல்லாப் பிள்ளைகளின் சான்றிதழ்களையும் ஒப்பிடுங்கள். பிள்ளைகள் எத்தனை பேர் என்பதற்கு 1900ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு உதவும். பிறந்த மாதமும் ஆண்டும், மணமாகி எத்தனை ஆண்டுகள், பெற்ற பிள்ளைகள் எத்தனை, உயிரோடிருப்பவர்கள் எத்தனை என்பன அதில் கேட்கப்பட்டன.

உங்கள் கேள்வியில் என்னை மிகவும் ஈர்த்தது அந்தப் படைப்பிரிவு எண். கணவர் போர்வீரர் ஓய்வூதியம் பெற்றிருந்தாலோ, அவருக்குப்பின் மேரி விதவை ஓய்வூதியம் கேட்டிருந்தாலோ, வாஷிங்டனிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அதற்கான கோப்பு இருக்கும். 1898இல் ஓய்வூதிய அலுவலகம் அனுப்பிய வினாப்படிவம், மனைவியின் பிறந்த வீட்டுப் பெயர், திருமணம் நடந்த நாள், இடம், நடத்திவைத்தவர், உயிரோடிருக்கும் பிள்ளைகள் ஆகியவற்றை நேரடியாகவே கேட்டது. விதவையோ, தான் சட்டப்படி மணந்தவள்தான் என்று நிரூபிக்க வேண்டியிருந்ததால், திருமணத்தை நேரில் கண்ட அண்ணன் தம்பிகளும் அண்டை வீட்டாரும் கொடுத்த பிரமாண வாக்குமூலங்களும், சில வேளைகளில் பிறப்பு, திருமணங்களைக் குறித்துவைத்த குடும்ப விவிலியத்திலிருந்து கிழித்தனுப்பிய பக்கங்களும்கூட அக்கோப்புகளில் கிடைக்கின்றன. ஒரு கிராமத்துப் பெண்ணின் வாழ்க்கையை அரசே இவ்வளவு துருவிக் கேட்டு எழுதிவைத்த இடம் வேறு இல்லை என்பேன். செலவழிப்பதானால் இதன் முழு நகலுக்குச் செலவழியுங்கள்.

குடும்பப்பெயர் தெரிந்தபின், திருமணம் பெரும்பாலும் பெண் வீட்டாரின் ஊரிலேயே நடந்தது என்பதால், அந்தக் கவுண்டியின் திருமணப் பதிவைப் பாருங்கள். பிறகு 1850, 1860 கணக்கெடுப்புகளில் அதே டவுன்ஷிப்பில் (கவுண்டியின் உட்பிரிவு) அப்பெயருள்ள வீடுகளைத் தேடுங்கள். அடிமையல்லாத ஒவ்வொருவரையும் பெயரிட்டுப் பதிந்த முதல் கணக்கெடுப்பு 1850இல் நடந்தது. அதற்கு முன் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே வரும். மேரியைப் 'பாலி' என்றும் எழுதியிருக்கலாம். உறவுமுறை 1880இல்தான் முதன்முதலில் குறிக்கப்பட்டது. எனவே 1850இல் ஒரு வீட்டில் ஏழு வயது மேரி இருக்கிறாள் என்பதால் மட்டும் அவள் அவ்வீட்டு மகளாகிவிட மாட்டாள். தாயற்ற உறவுக்காரச் சிறுமியாகவோ வேலைக்கு வந்த சிறுமியாகவோ இருக்கலாம்.

இதை உறுதிசெய்யச் சொத்து ஆவணங்களே வேண்டும். தந்தையின் உயில் கிடைத்தால் 'இன்னாரை மணந்த என் மகள் மேரி' என்ற வரி இருக்கக்கூடும். உயில் எழுதாமல் அவர் இறந்து, நிலம் பாகப்பிரிவினை வழக்குக்குப் போயிருந்தால் இன்னும் நல்லது: வழக்கு நடக்க வேண்டுமானால் வாரிசுகள் அனைவரையும், மணமான மகள்களைக் கணவர்களோடு சேர்த்து, தரப்பினராகப் பெயரிட்டாக வேண்டும். பத்திரப் பதிவேடுகளின் அட்டவணையில் கணவரின் பெயரின்கீழ் தேடுங்கள். மனைவியின் குடும்பத்திலிருந்து வந்த பங்கைத் தம்பதியர் விற்ற பத்திரம் அங்கேதான் இருக்கும்.

இணையத்தில் யாரோ பதிவேற்றிய குடும்ப மரங்களில் மேரிக்கு ஏற்கெனவே ஒரு தந்தை ஒட்டப்பட்டிருக்கலாம். மேற்சொன்ன ஆவணங்களில் ஒன்றாவது அங்கே ஆதாரமாக இணைக்கப்படாத வரை, அந்தப் பெயரை உங்கள் குறிப்பேட்டில் பென்சிலால் மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.