நீங்கள் பேர்னில், நான் ஆரையம்பதியில்

தங்கச்சி, உங்கட கேள்வியைப் பார்த்து நாலு நாளாகிவிட்டது. நான் இப்போது சுவிஸில், பேர்னில் இல்லை. ஆரையம்பதியில் அம்மாவீட்டு விறாந்தையில் இருந்து எழுதுகிறேன். மாரி மழை விட்டுவிட்டுக் கொட்டுகிறது, கரண்ட் போய் வருகிறது, முற்றம் முழுக்கத் தண்ணீர். களுவாஞ்சிக்குடிப் பிள்ளை நீங்கள் என்னுடைய குளிரில் நடுங்குகிறீர்கள், நான் உங்கட மழையில் நனைகிறேன்.

நீங்கள் கேட்டது மூன்று. இந்த இருட்டையும் குளிரையும் எப்படித் தாங்குவது? வந்து இரண்டு மாதமாகியும் அயலில் ஒருத்தரும் கதைக்கவில்லையே, ஏன்? மூன்றாவது, நீங்கள் வெளிக்கிட்ட நாளிலிருந்து சோறு தின்னாமல் கிடக்கிறது என்று அம்மா சொல்கிற உங்கட நாய் ஜிம்மியை சுவிஸுக்குக் கூப்பிடலாமா?

டிசம்பரில் பேர்னில் காலை 8 மணி தாண்டித்தான் வெளிக்கும். பின்னேரம் 5 மணிக்கு முதலே இருண்டுவிடும். குளிருக்கு உடுப்பு இருக்கிறது, அதைக் கணவர் வாங்கித் தந்திருப்பார். மனதைச் சாய்க்கிறது குளிர் இல்லை, மூட்டம். யூரா மலைக்கும் ஆல்ப்ஸுக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தில்தான் பேர்ன் கிடக்கிறது. மாரிகாலத்தில் அந்தப் பள்ளத்துக்குச் சட்டிக்கு மூடி போட்ட மாதிரி சாம்பல் நிறத்தில் மூட்டம் வந்து உட்காரும். சில வேளை ஒரு கிழமைக்குச் சூரியனே இல்லை. ஆனால் அது மூடி மட்டும்தான், அதற்கு மேலே நல்ல வெயில். இதை ஆரும் எனக்குச் சொல்லித் தராததால் நாலு மாரிகாலம் வீட்டுக்குள்ளே இருந்து அழுதேன். நீங்கள் அழ வேண்டாம். ரயிலில் இன்டர்லாக்கன் போய், அங்கிருந்து பஸ் பிடித்து பெயாட்டன்பெர்க் ஏறுங்கள். ஆயிரம் மீற்றருக்கு மேலே இருக்கிற ஊர். பெரும்பாலும் மூட்டம் உங்கட காலுக்குக் கீழே பாற்கடல் மாதிரிக் கிடக்கும்.

காற்றுகள் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவைதான், பெயர்தான் வேறு. பேர்னில் வடகிழக்கிலிருந்து முகத்தை அறுக்கிற மாதிரி ஒரு காற்று அடிக்கும், 'பீஸ' என்பார்கள். எங்கட வாடையும் அதே திசையிலிருந்துதான் வருகிறது, ஆனால் அது மழையைக் கொண்டுவரும், இது காய்ந்த குளிரை. மறுகா 'ஃபூன்' என்று ஒன்று, மலையிலிருந்து இறங்கிச் சூடாக அடிக்கிற காற்று. அதைப் பற்றி முதன்முதலில் விளங்கப்படுத்தியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் காய்ந்து சுட்டுக்கொண்டு இறங்குமாம். நம்முடைய கச்சான் காற்றும் அப்படித்தானே! நுவரெலியாப் பக்கம் ஈரத்தை இறக்கிவிட்டு ஜூன், ஜூலையில் மட்டக்களப்புக்கு வந்து உதட்டை வெடிக்க வைக்கிற அதே வேலை. ஃபூன் அடித்தால் தலையிடி என்று வேலையிடத்தில் பாதிப் பேர் முனகுவார்கள். 1861இல் கிளாருஸ் என்ற ஊரின் பெரும்பகுதி இந்தக் காற்றில் பரவிய நெருப்பில் எரிந்து போனது.

பயணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 'ஹால்ப்டாக்ஸ்' அட்டையை நாளைக்கே எடுங்கள், ரயில் ரிக்கெட் பாதி விலை. ஊரில் உதயதேவி ரயிலுக்குக் காத்திருந்த பழக்கத்தில் ஒரு நிமிடம் பிந்திப் போகாதீர்கள், ரயில் உங்களுக்காக நிற்காது. ஸ்டேசன் மணிக்கூட்டின் சிவப்புக் கம்பி மட்டும் ஒவ்வொரு நிமிடமும் உச்சியில் வந்து ஒன்றரைச் செக்கன் நின்று போகும். நான் இன்னும் அதை நின்று பார்ப்பேன்.

அடுத்தது ஆட்கள். ஊரில் ஒருவரைக் கண்டால் "எங்க கா போறீங்க, சாப்பிட்டாச்சா?" என்று தொடங்குவோம். அங்கே அப்படிக் கேட்டால் பொலிஸ்காரி மாதிரிப் பார்ப்பார்கள். கதவு இரண்டுதான். ஒன்று காலநிலை, மற்றது வளர்ப்புப் பிராணி. க்ரூயஸெக் என்றால் அங்கத்தை வணக்கம். "க்ரூயஸெக், இண்டைக்கு நல்ல குளிர்" என்று படிக்கட்டில் சொல்லிப் பாருங்கள். பதில் வரும். நாயோடு போகிறவரிடம் நாயின் வயதைக் கேளுங்கள், அவருடைய பிள்ளைகளின் கதைவரை போகும்.

எனக்கு அந்தக் கதவைத் திறந்தது ஒரு கள்ளப் பூனை. பேர்ன் வீட்டுச் சுவர்களில் மெல்லிய மரஏணிகள் வளைந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். நெருப்புப் பிடித்தால் இறங்க வைத்தது என்று நான் கனகாலம் நினைத்திருந்தேன். பூனைக்காம்! மேல்மாடியில் தனியே இருந்த ஒரு வயதான அம்மாவின் கறுத்தக் கடுவன், பெயர் நீரோ, அந்த ஏணியால்தான் இறங்கி ஊர்சுற்றும். ஒருநாள் யன்னலைத் திறந்துவைத்து நெத்தலிக் கருவாடு பொரித்தேன். வாடையைப் பற்றி வீட்டு நிர்வாகத்துக்கு ஆரோ முறைப்பாடு செய்து கடிதம் வந்தது, அது வேறு கதை. ஆனால் நீரோவுக்கு அந்த வாடை கலியாண அழைப்பு. யன்னலால் உள்ளே வந்து, மேசையில் ஆறவைத்த கருவாட்டில் பாதியைத் தின்று, தட்டை இழுத்த என்னுடைய கையைக் கீறிவிட்டு, மறுகா கதிரையில் ஏறிப் படுத்தும்விட்டது. பூனையைத் தேடி அந்த அம்மா வந்தா. கையில் இரத்தத்தைக் கண்டு அவவுக்குத்தான் மயக்கம் வரப்பார்த்தது. அடுத்த நாள் சொக்கிலேற்றோடு வந்தா. அதற்கடுத்த கிழமை நான் கருவாடு கொண்டு மேலே போனேன், பூனைக்கு. என்னுடைய டொச் மொழியில், அதுதான் ஜெர்மனில், பாதி அவ படிப்பித்தது. கடைசிவரைக்கும் நீரோ என்னைத் தடவ விட்டதில்லை.

பிராணி வாங்குகிற ஆசை வந்தால் ஒன்றைக் கவனியுங்கள். என்னுடைய மகள் கினிப்பன்றி கேட்டு அடம்பிடித்தாள். அங்கே 2008இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி கூட்டமாக வாழ்கிற பிராணியைத் தனியே வளர்க்கக் கூடாது, கினிப்பன்றி என்றால் குறைந்தது இரண்டு. ஒன்று செத்தது. மிஞ்சியதற்குத் துணை தேடி இன்னொன்று. மறுகா பழையது செத்தது, வந்தது தனித்தது. மகள் படிக்க சூரிச்சுக்குப் போய்விட்டாள், நான் இன்னும் கினிப்பன்றிக்குப் புல் வெட்டுகிறேன்.

இனி ஜிம்மி. கூப்பிடலாம், ஆனால் லேசில்லை. இலங்கை விசர்நாய்க்கடி உள்ள நாடு என்பதால் முதலில் தோலுக்குக் கீழே சிப் வைத்து, அதற்குப் பிறகு விசர் ஊசி போட வேண்டும். ஊசி போட்டு 30 நாளாவது கழித்து இரத்தம் எடுத்து, அங்கீகரித்த ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். இரத்தம் எடுத்த நாளிலிருந்து இன்னும் 3 மாதம் பொறுக்க வேண்டும். நேரே சுவிஸ் விமான நிலையத்தில் இறக்குவதென்றால் அனுமதியும் முன்கூட்டியே எடுக்க வேண்டும். வந்த பிறகு பதிவு, ஊராட்சிக்கு வருசா வருசம் நாய்வரி. ரயிலில் ஏற்றினால் அதற்கும் பாதி ரிக்கெட். பைக்குள் அடங்குகிற சின்ன நாய்க்குத்தான் அது இல்லை, ஜிம்மி எந்தப் பைக்குள்ளும் அடங்காது.

அடங்காது என்று எப்படித் தெரியும் என்றால், போய்ப் பார்த்தேன். நேற்று மழை விட்ட நேரம் கல்முனை பஸ் பிடித்து, நீங்கள் எழுதின அடையாளத்தை வைத்து வீட்டைக் கண்டுபிடித்தேன். உங்கட செல்லம் படலைக்குள் கால் வைக்க விடவில்லை. என்னுடைய ஒற்றைச் செருப்பு இப்போது உங்கட கிணற்றடியில் இரண்டு துண்டாகக் கிடக்கிறது. நான் இருக்கும்போதே சூடைமீன் ஆணமும் சோறும் ஒரு கோப்பை காலி, மறுகா அயல்வீட்டுக் கோழிக்கு வைத்ததையும் போய்த் தின்றுவிட்டு வந்தது. தங்கச்சி, அந்த வீட்டில் சாப்பிடாமல் கிடப்பது ஜிம்மி இல்லை. 3 மணியாகியும் அம்மாவின் சோறு மூடினபடியே இருந்தது. "ஒருத்திக்கு என்னத்தப் போட்டுத் தின்னுற" என்றா.

நீங்கள் வேலை முடிந்து இரவு 6 மணிக்கு எடுக்கிறீர்களாம். அப்போது இங்கே பத்தரை, அவ படுத்திருப்பா. பேர்னில் காலை எட்டரை என்றால் இங்கே மத்தியானம் ஒரு மணி. அந்த நேரத்துக்கு எடுங்கள், வீடியோவில். நீங்கள் பாணைத் தின்னுங்கள், அவ சோற்றைத் தின்னட்டும். மார்ச் கடைசியில் அங்கே மணிக்கூட்டை மாற்றுவார்கள், அதிலிருந்து காலை ஒன்பதரைக்கு எடுங்கள்.