மாத்திரை அட்டையோடு வாருங்கள்: மனநல மருத்துவரிடம் வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சங்கதிதான்: "முதல் தடவை டாக்டரைப் பாக்கப் போறோம், என்ன செய்யணும்?" அதனால் மற்ற கேள்விகள் அடுத்த முறைக்கு.

ஓமலூர் வாசகி: அம்மாவுக்கு ரெண்டு வருசமா ஏதோ நரம்பு மாத்திரை ஓடுது. பேர் தெரியாது. வெள்ளையா, சின்னதா இருக்கும். டாக்டருக்குத் தெரிஞ்சிருமா?

தெரியாது. மெடிக்கலில் இருக்கிற மாத்திரைகளில் பாதி வெள்ளையாக, சின்னதாகத்தான் இருக்கின்றன. அட்டையைக் கொண்டு வாருங்கள். காலி அட்டையானாலும் சரி. நாலு மாத்திரை, ஐந்து மாத்திரை என்று வெட்டி வாங்கும்போது பெயர் அச்சடித்த பக்கம் கடையிலேயே தங்கிவிடுகிறது. உங்கள் கையில் இருக்கும் துண்டில் பெயரின் கடைசி இரண்டு எழுத்தும் பாதி விலையும்தான் மிஞ்சும். வாங்கும்போதே முழு அட்டையையும் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய மருந்துச் சீட்டு, சர்க்கரை, பிரஷர், தைராய்டு மாத்திரை, நாட்டு மருந்துப் பொட்டலம், எதையும் வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள். கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாளும் வேண்டும். தைராய்டு குறைந்தாலும் பி12 குறைந்தாலும் ஆள் சோர்ந்து, மறதி வந்து, பார்ப்பதற்கு மனச்சோர்வு மாதிரியே இருக்கும்.

அயோத்தியாப்பட்டணம் வாசகர்: வெறும் வயிற்றில் வரணுமா?

வேண்டாம். நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு வாருங்கள். மனநிலை ஏறி இறங்காமல் இருக்க லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: ரத்தத்தில் அதன் அளவு பார்க்க, கடைசியாக மாத்திரை போட்டு சுமார் 12 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். காலை மாத்திரையைக் கையில் வைத்திருந்து, ரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள்.

ஏற்காடு வாசகி: மலை இறங்கினாலே எனக்கு வாந்தி. அவோமின் போட்டுக்கிட்டு வரலாமா?

வரலாம். 20 கொண்டை ஊசி வளைவையும் வாந்தியோடு இறங்கி வந்து என்னிடம் என்ன பேசப் போகிறீர்கள்? ஆனால் போட்டதை உட்கார்ந்ததும் சொல்லிவிடுங்கள். அந்த மாத்திரை தூக்கம் வர வைக்கும். சொக்கிப்போன முகத்தையும் குழறும் பேச்சையும் பார்த்து, அதுவும் நோயின் பங்குதான் என்று டாக்டர் குறித்துக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. அவோமின் அட்டையும் பையில் இருக்கட்டும்.

ஆத்தூர் வாசகர்: பையனுக்கு 22 வயசு. ஆறு மாசமா ரூமை விட்டு வர்றதில்லை. தனக்குத்தானே பேசுறான், பக்கத்து வீட்டுக்காரங்க அவனைப் பத்தித்தான் பேசுறாங்கன்னு சொல்றான். டாக்டர்னா வரமாட்டான். ஏற்காடு சுத்திப் பாக்கப் போலாம்னு சொல்லிக் கூட்டி வர்றோம். நீங்களும் எங்க சொந்தக்காரர் மாதிரி பேசிடுங்க.

பேச மாட்டேன். இதே ஏற்காடு, இதே "சொந்தக்காரர் மாதிரி". மாதத்துக்கு இரண்டு குடும்பமாவது இந்த யோசனையோடு வருகிறது. போன வருடம் ஒரு பையன் தோளில் ஸ்வெட்டரோடும் சட்டையில் கூலிங் கிளாஸோடும் என் அறையில் வந்து உட்கார்ந்தான். சுவரில் மாட்டியிருந்த மூளைப் படத்தைப் பார்த்தான். பிறகு அப்பாவைப் பார்த்தான். அதற்கப்புறம் ஒரு மணி நேரம் வாயே திறக்கவில்லை.

எல்லாரும் சேர்ந்து தனக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்று ஏற்கெனவே நம்புகிறவனை, நிஜமாகவே சதி செய்து கூட்டி வருகிறீர்கள். முதல் நாள் உங்களுக்கு வெற்றிதான். இரண்டாம் முறை அவன் வண்டி ஏற மாட்டான். மாத்திரையைத் துப்புவான். பிறகு சாம்பாரில் பொடித்துப் போடலாமா என்று எனக்கு இன்னொரு கடிதம் எழுதுவீர்கள். அதற்கும் இப்போதே பதில்: கூடாது. தெரிந்தால் சாப்பாட்டையும் நிறுத்திவிடுவான்.

என்ன செய்யலாம்? பக்கத்து வீட்டார் பேசுகிறார்களா இல்லையா என்று அவனோடு வாதாடாதீர்கள். அவனுக்கே கஷ்டமாக இருப்பதைப் பிடியுங்கள். "ராத்திரி பூரா தூங்காம தவிக்கிறே, கண்ணு. அதுக்கு ஒரு டாக்டரைப் பாப்போம். மனநல டாக்டர்தான். நானும் கூட வர்றேன்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். நீங்கள் சொல்வதைவிட அவன் நம்பும் மாமாவோ பாட்டியோ சொன்னால் இன்னும் நல்லது. அப்படியும் வரவில்லையென்றால், முதலில் நீங்களும் உங்கள் மனைவியும் வாருங்கள். ஆளைப் பார்க்காமல் மருந்து எழுத முடியாது. ஆனால் அவனிடம் எப்படிப் பேசுவது, அடுத்து என்ன செய்வது என்று வழி சொல்ல முடியும். சாப்பிடாமல் கிடக்கிறான், கைநீட்டுகிறான், செத்துப்போகிறேன் என்கிறான் என்றால் என் அப்பாயிண்ட்மெண்டுக்குக் காத்திருக்காதீர்கள். அன்றே பெரிய ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். யோசனை கேட்க அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ் 14416: ராத்திரியும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

பெயர், ஊர் இல்லை: மனசு சரியில்லை. நல்ல மாத்திரையாகச் சொல்லவும்.

வயது இல்லை, ஆணா பெண்ணா தெரியவில்லை, எத்தனை நாளாக என்று இல்லை. கடிதத்துக்கு மாத்திரை எழுதுவதில்லை. நேரில் ஒரு டாக்டரைப் பாருங்கள். தாங்கவே முடியவில்லை என்றால் மேலே சொன்ன எண்ணுக்கு இப்போதே கூப்பிடுங்கள்.

கொண்டலாம்பட்டி வாசகி: வீட்டுக்காரர் தினமும் குவார்ட்டர், சில நாள் ஆஃப். திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்கணும், வெள்ளிக்கிழமையிலிருந்தே தொடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டேன். சரிதானே?

தப்பு, அம்மா. வருடக்கணக்காகத் தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், வேர்க்கும். ஓரிரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் வாக்கில் ஆள் அடையாளம் தெரியாமல் சுவரில் பூச்சி ஓடுகிறது என்பார். உயிருக்கே ஆபத்தான கட்டம் அது. அப்படி ஏதாவது தெரிந்தால் திங்கட்கிழமை வரை பார்த்துக்கொண்டிருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இல்லையென்றால் சத்தியத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எவ்வளவு குடிக்கிறார், கடைசியாக எப்போது குடித்தார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். எப்படி நிறுத்துவது என்பதை டாக்டர் பார்த்துக்கொள்வார். வருகிற அன்று காலையில் தள்ளாடிக்கொண்டு மட்டும் வர வேண்டாம்.

அஸ்தம்பட்டி வாசகர்: நான் வந்து போறது ஆபீசுக்கோ பெண் வீட்டாருக்கோ தெரிஞ்சிருமா?

டாக்டர் சொல்ல மாட்டார். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உங்கள் விவரம் ரகசியம். உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு மாதிரி சில விதிவிலக்குகள்தான் உண்டு. வெளியே வரிசையில் உட்கார்ந்திருக்கும் பக்கத்துத் தெருக்காரர் பார்த்தால் அதற்குச் சட்டம் கிடையாது. அவரும் அங்கேதானே உட்கார்ந்திருக்கிறார்!

தம்மம்பட்டி வாசகர்: மெடிக்கல்காரர் கொடுத்த அல்பிரசோலம் ஒரு வருசமாகப் போடுறேன். டாக்டர் திட்டுவாரோன்னு நேத்தே நிறுத்திட்டேன்.

டாக்டரிடம் திட்டு வாங்கினால் உயிர் போகாது. படபடப்புக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கும் இந்த மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் தூக்கம் போய், படபடப்பு கூடி, வலிப்புகூட வரலாம். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். பழைய அளவைச் சொல்லி இன்றே ஒரு டாக்டரிடம் கேளுங்கள். அட்டையோடு போங்கள்.

மேட்டூர் வாசகி: முதல் நாள் எவ்வளவு நேரம் ஆகும்?

தனியார் கிளினிக்கில் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவில் கூட்டத்தைப் பொறுத்தது, காலையிலேயே போய்விடுங்கள். எப்போது ஆரம்பித்தது, தூக்கம், பசி எப்படி, வீட்டில் வேறு யாருக்காவது இருந்ததா என்பதை அரைப் பக்கத்தில் எழுதிக்கொண்டு போனால் பாதி நேரம் மிச்சம். கர்ப்பமாக இருந்தாலோ பால் கொடுத்துக்கொண்டிருந்தாலோ அதை முதல் வரியில் எழுதுங்கள். சில மருந்துகள் அப்போது ஆகாது. துணைக்குக் கார் வைத்திருக்கும் சித்தப்பா வேண்டாம், கூடவே ஒரே வீட்டில் இருக்கிறவர் வரட்டும். பகல் ஒரு மணி பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டுவிட்டு வந்து டாக்டரை விரட்டாதீர்கள்.