இரண்டாம் ராத்திரி

அன்புள்ள அக்காவுக்கு,

பர்மாவில் தட்டோன் ஊரிலிருந்து எழுதுகிறேன். எனக்கு இது தலைப்பிரசவம். பெண் குழந்தை, இன்றோடு முப்பத்து நான்கு நாள். வலி கண்டதிலிருந்து பிள்ளை வெளியே வர 22 மணி நேரம் ஆனது. கடைசியில் வலி வருவதற்கு டிரிப்ஸ் ஏற்றினார்கள். "நாங்களெல்லாம் காலையில் வலி கண்டால் மத்தியானம் பெத்துப் போட்டுடுவோம்" என்று மாமியார் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. இரண்டாம் நாள் ராத்திரி குழந்தை விடாமல் அழுதாள். எனக்குப் பாலே இல்லை என்று டப்பாப்பால் வாங்கி வந்துவிட்டார்கள். நான்காம் நாள்தான் மார்பு கனத்துப் பால் வந்தது. இப்போது பாதி என் பால், பாதி டப்பா. நாற்பத்தைந்து நாளும் எனக்குப் பத்தியம்: வெள்ளைச் சோறு, சுட்ட கருவாடு, மிளகுத் தண்ணீர். என் உடம்பில் என்ன குறை, அக்கா? இனி முழுக்க என் பாலே கொடுக்க முடியுமா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். உங்கள் உடம்பில் ஒரு குறையும் இல்லை. முழுக்கத் தாய்ப்பாலுக்குத் திரும்பவும் முடியும். ஆனால் அதற்கு முன்னால் உங்கள் சாப்பாட்டுத் தட்டு மாற வேண்டும். நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் போகிற போக்கில் சொன்ன அந்தப் பத்தியம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. அதற்குக் கொஞ்சம் பொறுத்து வருகிறேன்.

முதலில் அந்த 22 மணி நேரம். தலைப்பிள்ளைக்கு அது அதிசயமே இல்லை. கர்ப்பவாய் ஒரு மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறந்தே ஆகவேண்டும் என்று ரொம்ப காலம் கணக்கு வைத்திருந்தார்கள். பல பெண்களுக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது என்று உலக சுகாதார நிறுவனமே 2018-ல் சொல்லிவிட்டது. ஐந்து சென்டிமீட்டருக்குப் பிறகுதான் பிரசவ வலி வேகம் பிடிக்கிறது. அதற்கு முன்னால் வலி வந்து வந்து போகிற நேரம் ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் மாமியாருக்கு மத்தியானமே பிறந்தது உண்மையாக இருக்கலாம், ஆனால் அது எத்தனையாவது பிரசவம் என்று கேட்டுப் பாருங்கள்.

அந்த நீண்ட வலிக்கும் இரண்டாம் ராத்திரிக்கும் தொடர்பு உண்டு. அதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. நஞ்சுக்கொடி பிரிந்த பிறகுதான் உடம்புக்குப் பால் சுரக்கச் சொல்லிக் கட்டளை போகிறது. சாதாரணமாக இரண்டு மூன்று நாளில் பால் இறங்கும். தலைப்பிரசவம், நீண்ட வலி, நிறைய டிரிப்ஸ் என்றால் அது ஒரு நாள் தள்ளிப்போவது வழக்கம். அதுவரை வருவது சீம்பால். அது கொஞ்சமாகத்தான் வரும், முதல் நாளில் ஒரு வேளைக்கு ஏறக்குறைய ஒரு தேக்கரண்டிதான் இருக்கும். பிள்ளைக்கு அப்போது தேவைப்படுவதும் கொஞ்சம்தான். இரண்டாம் ராத்திரி பிள்ளை மார்பை விடாமல் தேடி அழுவது, பாலைச் சீக்கிரம் இறக்குவதற்கு அது செய்கிற வேலை. அந்த நேரத்தில்தான் வீடு முழுக்கக் கூடி நின்று "பால் பத்தலை" என்று தீர்ப்புச் சொல்கிறது.

எனக்கும் சொன்னார்கள். 1997, ரங்கூனில் மழைக்காலம், கரண்ட் இல்லாத ராத்திரி. எந்த மருத்துவமனை என்று சொல்லப் போவதில்லை. மகன் பிறந்ததும் வேறு அறைக்குக் கொண்டுபோய் ஆறு மணி நேரம் கழித்துத்தான் கையில் கொடுத்தார்கள். அதற்குள் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தாயிற்று. அவன் மார்பைச் சரியாகப் பிடிக்கவே இல்லை. பக்கத்துக் கட்டிலில் ஒரு கரேன் இனப் பெண், அவளுக்கு நான்காவது பிள்ளை. மெழுகுவர்த்தியோடு எழுந்து வந்து, ஒரு வார்த்தை பேசாமல், பிள்ளையின் வயிறு என் வயிற்றோடு ஒட்டுகிற மாதிரி திருப்பிப் படுக்க வைத்தாள். அவன் வாயை 'ஆ' என்று பெரிதாகத் திறக்கும்வரை காத்திருந்து, காம்பு மட்டும் இல்லாமல் அதைச் சுற்றியுள்ள கருவட்டமும் உள்ளே போகும்படி சட்டென்று அணைத்தாள். காம்பில் வலி நின்றது. அவன் விழுங்குகிற சத்தம் கேட்டது. அந்தப் பெண்ணின் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன் என்பது இன்றும் எனக்கு வருத்தம்.

நீங்களும் அப்படித்தான் தொடங்க வேண்டும். ஒவ்வொரு வேளையும் முதலில் மார்பு, இரண்டு பக்கமும். அப்புறம்தான் டப்பா. ஒரு நாளில் எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை வரை ஊட்டுங்கள். ராத்திரி ஊட்டுவதை விடாதீர்கள், பால் சுரக்க வைக்கிற ஹார்மோன் ராத்திரியில்தான் அதிகம். டப்பாப்பாலை ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை அளவைக் கொஞ்சம் குறைத்து, வாரம் ஒருமுறை மருத்துவச்சி சயாமாவிடம் போய் எடை பாருங்கள். நாளுக்கு ஆறு துணியாவது நன்றாக நனைகிறதா, எடை ஏறுகிறதா என்பதுதான் கணக்கு. அழுகை கணக்கில்லை. இதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகலாம். முழுக்கத் திரும்ப முடியாமல் பாதியில் நின்றாலும் அந்தப் பாதி வீண் இல்லை. அந்த ராத்திரி டப்பா வாங்கியதற்காக உங்களையோ மாமியாரையோ திட்டிக்கொண்டிருக்க வேண்டாம். 2015-16 கணக்கெடுப்பில், நம் பர்மாவில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் தாய்ப்பால் மட்டும் கிடைத்தது. நீங்கள் தனி ஆள் இல்லை.

இப்போது பத்தியம்.

எனக்கு முன்னால் என் அம்மாவுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. நல்ல கனமான பிள்ளை, முழுக்கத் தாய்ப்பால். அம்மாவுக்கு அன்று கொடுத்ததும் இதே சோறு, இதே கருவாடு. இரண்டாம் மாதம் ஒரு நாள் பிள்ளை பால் கக்க ஆரம்பித்தது. மறுநாள் அழுதது, ஆனால் சத்தம் வரவில்லை. வாய் திறந்திருக்கும், முகம் சுருங்கும், குரல் மட்டும் இருக்காது. மூச்சு இரைத்தது. அன்று ராத்திரியே போய்விட்டது. பாட்டி அதைக் காத்து கருப்பு என்றார். அது பெரிபெரி என்று நான் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பெரிபெரி, பி1 என்ற வைட்டமின் குறைவதால் வருகிற நோய். அந்தச் சத்து தாயின் சாப்பாட்டில் இல்லாவிட்டால் பாலிலும் இருக்காது. தாய்க்குக் கை கால் மரத்துப்போகலாம், ஒன்றுமே தெரியாமலும் இருக்கலாம். அந்தப் பாலை மட்டுமே குடிக்கிற பிள்ளைக்கு இருதயம் தளர்ந்துவிடும், பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள். பர்மாவில் இது வெகுகாலமாகப் பிள்ளைகளைக் கொண்டுபோகிற நோய். பிள்ளை பெற்றவளுக்குப் பர்மியர்கள் வைக்கிற மீ-ட்வின் பத்தியமும் நம் பத்தியமும் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றாகிவிட்டன: தீட்டிய வெள்ளை அரிசி, கூட அதிகம் ஒன்றுமில்லை. நம் பெரியவர்கள் தமிழ்நாட்டிலிருந்து இங்கே வந்தபோது புழுங்கலரிசிதான் சாப்பிட்டார்கள். நெல்லை அவிக்கும்போது பி1 அரிசிக்குள் இறங்கிவிடும். மலாயாவில் நூறு வருஷத்துக்கு முன்னால் பிராடன் என்ற டாக்டர், வெள்ளையரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியில் விழுந்தபோது புழுங்கலரிசி சாப்பிட்ட தமிழர்கள் தப்பினார்கள் என்று எழுதி வைத்தார். என் வீட்டில் அந்த அரிசி என் அம்மா காலத்திலேயே போய்விட்டது.

உங்கள் பிள்ளை குடிக்கிற டப்பாப்பாலில் பி1 சேர்த்திருப்பார்கள். நீங்கள் அதைக் குறைக்கக் குறைக்க, அவளுக்கு அது கிடைக்கிற ஒரே வழி நீங்கள் சாப்பிடுவதுதான். அதனால்தான் முதலில் தட்டு, பிறகு டப்பா என்கிறேன். பிரசவத்துக்குப் பிறகு மூன்று மாதம் வரை பி1 மாத்திரை கொடுப்பது இங்கே அரசுத் திட்டத்திலேயே இருக்கிறது. நாளைக்கே சயாமாவிடம் கேளுங்கள். பாசிப்பயறு, கொண்டைக்கடலை, வேர்க்கடலை, முட்டை, கீரை எல்லாம் சாப்பிடுங்கள். பன்றி இறைச்சி சாப்பிடுகிற வீடென்றால் அதிலும் பி1 நிறைய. சோற்றுக் கஞ்சியை வடித்துக் கொட்டாதீர்கள். நாப்பி என்கிற மீன் விழுதையும் லாப்பெத் என்கிற ஊறவைத்த தேயிலையையும் இந்த மாதங்களில் தள்ளி வையுங்கள், அவை பி1-ஐ அழிக்கக்கூடியவை.

பிள்ளையின் குரல் கம்மினாலோ, சத்தமில்லாமல் அழுதாலோ, மூச்சு இரைத்தாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம். ஆஸ்பத்திரியில் பி1 ஊசி போட்டால் சில மணி நேரத்தில் பிள்ளை தேறிவிடும். என் அண்ணனுக்கு அது கிடைக்கவில்லை.

மாமியாரோடு சண்டை வேண்டாம். பூண்டும் பால்சுறாவும் முருங்கைக்கீரையும் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற வழக்கமும் நம்முடையதுதான், அதை அவருக்கு நினைவுபடுத்துங்கள். இந்தக் கடிதத்தில் என் அண்ணனைப் பற்றி எழுதியிருப்பதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அடுத்த வாரம் எடை பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா
ரங்கூன்