நாலரை நட்சத்திரத்துக்குக் குறையாமல் ஒரு பட்டியல்

கேள்வி: எனக்கு வயது 62. இரவு சாப்பிட்டுவிட்டுப் போனை எடுத்தால், என்ன பார்க்கலாம் என்று தேடுவதிலேயே முக்கால் மணி நேரம் போய்விடுகிறது. கடைசியில் ஒன்றும் பார்க்காமல் தூங்கிவிடுகிறேன். வாங்கிய புத்தகங்களும் இருபது பக்கத்தோடு நிற்கின்றன. நாலரை நட்சத்திரத்துக்குக் குறையாமல் படம் பத்து, புத்தகம் பத்து, செயலி பத்து என்று ஒரு பட்டியல் போடுங்களேன்.

பி.கு.: போனிலிருந்து அழித்துவிட்ட ஒரு செயலிக்கு இன்னும் மாதாமாதம் வங்கிக் கணக்கில் பணம் பிடிக்கிறார்கள். என்ன செய்ய?

– வாசகர், வீரவநல்லூர்

பதில்: பட்டியல் கிடையாது, அண்ணாச்சி. உங்கள் போனில் ஏற்கெனவே ஆயிரம் பெயர் கிடக்கிறது. நான் முப்பது போட்டால் ஆயிரத்து முப்பது ஆகும், அவ்வளவுதான். காருகுறிச்சிக்குப் பானை வாங்கப் போகிறவர் “நாலரை நட்சத்திரப் பானை ஒன்று கொடு” என்றா கேட்கிறார்? சுண்டிப் பார்க்கிறார். சத்தம் சரியில்லை என்றால் அடுத்ததை எடுக்கிறார். எதை எங்கே சுண்டுவது என்று மட்டும் சொல்கிறேன்.

முதல் காரியம், இரவில் தேடாதீர்கள். ஓ.டி.டி. முகப்பில் வரிசையாக நிற்பதில் பாதி, அந்த நிறுவனம் உங்கள் தலையில் கட்ட நினைப்பது. தூக்கக் கலக்கத்தில் அதோடு மல்லுக்கட்ட முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு தாளை எடுத்து, அந்த வாரத்துக்கு மூன்றே மூன்று படம் எழுதி வையுங்கள்: பெயர், ஓடும் நேரம், எந்தத் தளம், யார் சொன்னது. ஜஸ்ட்வாட்ச் என்ற இணையதளத்தில் படத்தின் பெயரைப் போட்டால், இந்தியாவில் எந்தத் தளத்தில் சந்தாவோடு கிடைக்கிறது, எதில் வாடகை என்று காட்டிவிடும். ஓடும் நேரத்தை எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இரண்டரை மணி நேரப் படத்தைப் பத்து மணிக்குத் தொடங்கிவிட்டு, பாதியில் தூங்கிப்போய், மறுநாள் “படம் இழுவை” என்று சொல்கிறவர்கள் நம்மில் அதிகம்.

அந்தத் தாளில் விலை மதிப்பான கட்டம் “யார் சொன்னது” என்பதுதான். பார்த்து முடித்ததும் அதன் பக்கத்தில் ஒரு டிக் அல்லது ஒரு பெருக்கல் குறி. இரண்டு மாதத்தில் யார் வாக்கு உங்களுக்குச் சரிப்படுகிறது என்று தெரிந்துவிடும். ஒருவர் சொல்லி மூன்று படம் சொதப்பினால் பெயரை அடித்துவிடுங்கள். ஆனால் ஒருவர் திட்டித் தீர்க்கிற படமெல்லாம் உங்களுக்குப் பிடித்துப்போகிறது என்றால் அவரை விட்டுவிடாதீர்கள். அவர் முகம் சுளித்தாலே நீங்கள் டிக்கெட் எடுக்கலாம்.

நட்சத்திரத்துக்கு வருவோம். படங்களுக்குப் பார்த்தவர்கள் மதிப்பெண் போடுகிற ஐ.எம்.டி.பி. தளத்தில் மதிப்பெண்ணைத் தொட்டால் ஒன்று முதல் பத்து வரை எத்தனை பேர் எதைப் போட்டார்கள் என்ற பட்டை வரைபடம் விரியும். பத்திலும் ஒன்றிலும் மட்டும் பட்டை ஓங்கி, நடுவில் ஒன்றுமில்லை என்றால் அது விமர்சனம் இல்லை, ரசிகர் மன்றச் சண்டை. ஏழு, எட்டில் மேடு கட்டியிருந்தால் பார்த்தவர்கள் போட்டது என்று கொஞ்சம் நம்பலாம். வெளியான முதல் வாரத்து எண்ணைக் கண்டுகொள்ளவே வேண்டாம். தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் நாலைந்து வாரத்தில் ஓ.டி.டி.க்கு வந்துவிடுகின்றன, அதற்குள் கூச்சலும் அடங்கிவிடும். யூடியூப் விமர்சகர் என்றால், வீடியோ தொடங்கும்போது ஓரத்தில் “பெய்ட் புரமோஷன்” என்று எழுத்து வருகிறதா பாருங்கள். காசு வாங்கினால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று நுகர்வோர் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டி நெறிகளே வெளியிட்டது. எல்லோரும் சொல்கிறார்களா என்பது வேறு கதை. யூடியூபே உங்கள் முக்கால் மணி நேரத்தைத் தின்கிறது என்றால், நீங்கள் பார்த்ததையெல்லாம் குறித்து வைக்கிற வாட்ச் ஹிஸ்டரியை நிறுத்திவிட்டுப் பழையதையும் அழியுங்கள். முகப்பு வெறிச்சோடிப் போகும். நீங்களாகத் தேடினால்தான் எதுவும் வரும்.

செயலியில் ஏமாற வழி அதிகம் என்பதால் இங்கே கொஞ்சம் நிதானமாக. பிளே ஸ்டோரில் தெரிகிற சராசரி உங்கள் நாட்டுக்காரர்கள் போட்டது; அண்மையில் போட்ட மதிப்பெண்ணுக்கு எடையும் கூடுதல். அந்த அளவில் முன்பைவிட மேல். ஆனாலும் பல விளையாட்டுச் செயலிகள் “பிடித்திருக்கிறதா?” என்று கேட்பது எப்போது தெரியுமா? நீங்கள் ஓர் ஆட்டம் ஜெயித்த கையோடு. தோற்ற உடனே ஏன் கேட்பதில்லை என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஐந்து நட்சத்திரக் கருத்துகளில் “சூப்பர்”, “நைஸ்” தவிர ஒன்றும் தேறாது. ஒற்றை நட்சத்திரத்தில் ஓ.டி.பி. வரவில்லை என்ற கோபம்தான் மிச்சம். கருத்துகளை “புதியவை” என்று அடுக்கி, மூன்று நட்சத்திரத்தை மட்டும் படியுங்கள். எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று பொறுமையாக எழுதுகிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். “அப்டேட்டுக்குப் பிறகு” என்று தொடங்கும் புலம்பல் வரிசையாக வந்தால் ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள்.

பிறகு “இந்த ஆப்ஸ் பற்றி” என்பதைத் திறந்து அடிவரை போங்கள். கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள், உள்ளே வாங்க வேண்டியவற்றின் விலை எதிலிருந்து எதுவரை, என்னென்ன அனுமதி கேட்கிறது என்று எல்லாம் அங்கே இருக்கும். இரண்டு வருடமாகத் தொடப்படாத செயலி உங்கள் புதுப் போனில் தடுமாறும். நல்ல நேரம் பார்க்கிற நாட்காட்டிக்கு உங்கள் தொடர்பு எண்கள் எதற்கு? கேட்டால் அழித்துவிடுங்கள். “டேட்டா சேஃப்டி” என்ற பகுதியைக் கூகுள் தந்த சான்றிதழாக எண்ணிவிடாதீர்கள். அது செயலியைச் செய்தவர் தாமே எழுதிக் கொடுப்பது. காசு கொடுத்து வாங்கிய செயலி சரியில்லை என்றால் 48 மணி நேரத்துக்குள் கூகுளிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அதற்குப் பிறகு பெரும்பாலும் செய்தவரிடம்தான் போய் நிற்க வேண்டும். ஆகவே வாங்கிய இரண்டு நாளிலேயே எல்லாப் பொத்தானையும் அமுக்கிப் பார்த்துவிடுங்கள்.

புத்தகத்துக்கு உங்கள் சொத்து வரி ரசீதிலிருந்து தொடங்கலாம். அதில் நூலக வரி என்று ஒன்று இருக்கும். ரூபாய்க்குப் பத்துப் பைசா. 1948-ல் வந்த பொது நூலகச் சட்டத்தின் பேரில் பிடிப்பது. ஆக, காசு ஏற்கெனவே கொடுத்தாயிற்று. பக்கத்துக் கிளை நூலகத்துக்கோ பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்துக்கோ போனால் அலமாரிக்கு முன் நிற்காதீர்கள்; வாசகர்கள் திருப்பிக் கொடுத்து இன்னும் அடுக்காமல் கிடக்கிற புத்தகங்களைப் புரட்டுங்கள். கடைசிப் பக்கத்துத் தேதிச் சீட்டில் முத்திரை நெருக்கமாக விழுந்திருந்தால் பலர் கைக்குப் போய் வந்தது. அந்தச் சீட்டில் விளம்பரதாரர் கை வைக்க முடியாது.

இருபது பக்கத்தில் நிறுத்துகிறீர்களே, அதற்கு ஒரு கணக்கு உண்டு. நான்சி பேர்ல் என்ற அமெரிக்க நூலகர் சொன்னது: ஐம்பது வயதுவரை ஐம்பது பக்கம் படித்துப் பார், அதைத் தாண்டினால் நூறிலிருந்து வயதைக் கழித்து வருகிற அளவு போதும். உங்களுக்கு 38 பக்கம். இன்னும் 18 பாக்கி இருக்கிறது, அண்ணாச்சி. 39-வது பக்கத்தில் மூடினால் ஒருவரும் கேட்க மாட்டார்கள். சிறுகதைத் தொகுப்புக்கு இந்தக் கணக்கு செல்லாது. நடுவிலிருந்து இரண்டு கதை படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வாங்குவதாக இருந்தால் பதிப்பைப் பாருங்கள். ஆசிரியர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து அறுபது ஆண்டு கழிந்தால் உரிமை பொதுவாகிவிடும். 1948-ல் மறைந்த நம்மூர்ப் புதுமைப்பித்தனை இந்தக் கணக்குப்படியே யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். கதை ஒன்றுதான், பிழைகள்தான் ஆளுக்கு ஆள் வேறு. எந்தப் பத்திரிகையில், எந்த ஆண்டில் கதை வந்தது என்று குறிப்புத் தருகிற பதிப்பை எடுங்கள். மூன்று பக்கத்தைப் புரட்டி, பக்கத்துக்கு இரண்டு அச்சுப்பிழை கண்டால் வைத்துவிடுங்கள். மொழிபெயர்ப்பு என்றால் மூலத்திலிருந்தா, ஆங்கிலம் வழியாகவா என்று முதல் பக்கங்களில் சொல்லியிருக்க வேண்டும். உரிமை முடிந்த பழைய நூல்கள் பல, 1998-லிருந்து நடக்கும் மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பொருநை நெல்லை புத்தகத் திருவிழாவுக்குப் போகும்போது தாளை மறக்காதீர்கள். பத்து சதவீதக் கழிவு என்றதும் கை தானாக நீளும்.

இனி பி.கு. செயலியை அழித்தால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோரில் வலது மேல்மூலைப் படத்தைத் தொட்டு, பேமென்ட்ஸ் & சப்ஸ்கிரிப்ஷன்ஸ், அதற்குள் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் போய் ரத்து செய்யுங்கள். அங்கே அந்தப் பெயரே இல்லை என்றால் பெரும்பாலும் யூ.பி.ஐ. வழியாக நேரடியாக அனுமதி கொடுத்திருப்பீர்கள். எந்தச் செயலியில் பணம் அனுப்புகிறீர்களோ அதில் ஆட்டோபே அல்லது மேண்டேட் என்ற பகுதியைத் திறந்து, அந்த நிறுவனத்தின் பெயரைத் தொட்டு, ரத்து கொடுத்து, உங்கள் யூ.பி.ஐ. ரகசிய எண்ணைப் (PIN) போடுங்கள். இப்படித் தானாகப் பிடிக்கிற தொகைக்கு 24 மணி நேரம் முன்பே உங்களுக்குத் தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. போன மாதத்துக் குறுஞ்செய்திகளைத் தேடுங்கள். அடுத்த பிடித்தம் எந்தத் தேதியில் என்று தெரியும். அதற்கு இரண்டு நாள் முன்னதாகவே வேலையை முடித்துவிடுங்கள்.