வீட்டுக் கணினியில் ஏஐ, பழைய தமிழ்ப் பிடிஎஃப், பாஸ்கீ: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எங்கள் தணிக்கை அலுவலகத்தில் வாடிக்கையாளர்களின் கணக்குத் தாள்களை எந்த ஏஐ தளத்திலும் ஏற்றக் கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டார். இணையமே இல்லாமல் லேப்டாப்பிலேயே ஏஐ ஓடும் என்கிறார்களே, உண்மையா? எங்களிடம் இருப்பது 8 ஜிபி ராம். தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது.
– அலுவலக உதவியாளர், ஈரோடு

பதில்: உண்மைதான், ஓடும். உங்கள் முதலாளி போட்ட கட்டுப்பாடும் சரியானதே. அடுத்தவர் நம்பிக் கொடுத்த தாளை அவரைக் கேட்காமல் வெளி சர்வருக்கு அனுப்பக் கூடாது.

முதலில் ராம் கணக்கைப் பார்ப்போம். ஏஐ கற்றது முழுவதும் எண்களாக அடங்கியிருக்கும் கோப்பை மாடல் என்பார்கள். 8பி என்று பெயரில் இருக்கும் மாடலில் 800 கோடி எண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் 16 பிட்டில் வைத்தால் 16 ஜிபி ஆகும். அதையே 4 பிட்டுக்குச் சுருக்கினால் ஏறக்குறைய 5 ஜிபி. உங்கள் 8 ஜிபியில் விண்டோஸும் பிரவுசரும் பாதியை எடுத்துக்கொள்ளும் என்பதால் 8பி அடங்காது. 4பி மாடல் அடங்கும். தமிழ் வேண்டும் என்றால் கூகுள் 2025 மார்ச்சில் வெளியிட்ட ஜெம்மா 3 வரிசையின் 4பி மாடலில் தொடங்குங்கள்.

எல்எம் ஸ்டூடியோ என்ற இலவசச் செயலியை நிறுவி, அதன் தேடலில் இந்த மாடலைத் தேடினால் ஒரே மாடல் பல அளவுகளில் வரும். 'கியூ4_கே_எம்' (Q4_K_M) என்று முடிவதை எடுங்கள், அதுதான் 4 பிட்டுக்குச் சுருக்கியது. இடம் மிச்சம் என்று 'கியூ2' பக்கம் போகாதீர்கள். சுருக்கம் கூடக்கூட ஆங்கிலத்தைவிடத் தமிழ்தான் முதலில் கெடும், ஒற்றுப் பிழையும் அரைகுறைச் சொற்களும் வரத் தொடங்கும். உங்கள் பிராசசரில் ஏவிஎக்ஸ்2 என்ற வேகக் கணக்கீட்டு வசதி இல்லையென்றால் இந்தச் செயலி ஓடாது. பழைய பென்டியம், செலரான் லேப்டாப்புகளில் இந்தச் சிக்கல் உண்டு.

வேகத்தைப் பற்றிப் பலரும் தவறாக நினைக்கிறார்கள். ஒவ்வொரு துண்டுச் சொல்லை எழுதும்போதும் கணினி மாடல் முழுவதையும் ராமிலிருந்து ஒருமுறை வாசிக்க வேண்டும். எனவே பதில் வரும் வேகத்தைப் பெரும்பாலும் பிராசசரைவிட ராமின் வேகமே தீர்மானிக்கிறது. டிடிஆர்4-3200 ராம் ஒரே ஒரு துண்டாக இருந்தால் நொடிக்கு 25.6 ஜிபி போகும், இரண்டு துண்டாக இருந்தால் 51.2 ஜிபி. 5 ஜிபி மாடல் என்றால் முதல் நிலையில் நொடிக்கு அதிகபட்சம் 5 துண்டுச் சொல் வரும், இரண்டாவதில் 10. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போய்ப் பாருங்கள். '2-ல் 1 ஸ்லாட்' பயன்பாட்டில் இருப்பதாகக் காட்டினால் அதே வேகத்தில் இன்னொரு 8 ஜிபி துண்டு வாங்கிப் போடுங்கள். கொள்ளளவு, வேகம் இரண்டுமே கூடும். புது லேப்டாப் வாங்கும் செலவில் சிறு பங்குதான் ஆகும். சில மெல்லிய லேப்டாப்புகளில் ராம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், அவற்றில் இதற்கு வழியில்லை.

அடுத்து கான்டெக்ஸ்ட் லெங்த். மாடல் ஒரே நேரத்தில் மனதில் வைத்துக்கொள்ளும் அளவு இது. இயல்பாக 4096 துண்டுச் சொல் என்று இருந்தால், பத்துப் பக்கத் தமிழ்க் கடிதத்தை ஒட்டும்போது அது கொள்ளாது. சில செயலிகள் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் ஒரு பகுதியை வெட்டிவிட்டு, மீதியை மட்டும் படித்துப் பதில் சொல்லும். பதில் சரளமாகவே இருக்கும் என்பதால் குறை தெரியாது. மாடலை ஏற்றும்போதே 8192 ஆக்குங்கள். இதற்கும் ராம் செலவாகும்: மெட்டா நிறுவனத்தின் லாமா 3.1-இன் 8பி மாடலில் 8192-க்கு மட்டும் தனியாக 1 ஜிபி போகும்.

மாடல் ராமில் அடங்காவிட்டால் கணினி எஸ்எஸ்டியை ராம் போலப் பயன்படுத்தத் தொடங்கும். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்பதும், சில நொடிக்கு ஒரு சொல் வருவதும் இதற்கு அறிகுறி. அப்போது பிரவுசரை மூடுங்கள், இல்லாவிட்டால் சிறிய மாடலுக்கு இறங்குங்கள்.

எதுவும் வெளியே போகவில்லை என்பதைச் சோதிக்க, மாடல் இறங்கியதும் வைஃபையை அணைத்துவிட்டுக் கேள்வி கேளுங்கள். பதில் வந்தால் வேலை அந்தக் கணினியிலேயே நடக்கிறது. செயலியின் சர்வர் அமைப்பில் 'லோக்கல் நெட்வொர்க்கில் வழங்கு' என்ற விருப்பம் அணைந்திருக்க வேண்டும். கடிதம் எழுதவும் சுருக்கவும் வகைப்படுத்தவும் இந்த மாடலைப் பயன்படுத்துங்கள். கூட்டல் கழித்தலை மட்டும் எக்செலில் செய்யுங்கள். இந்த அளவு மாடல்கள் நீண்ட கூட்டலில் தவறுவது சாதாரணம், தணிக்கை அலுவலகத்தில் அது பொறுக்க முடியாத தவறு.

கேள்வி: எங்கள் வாசகர் வட்டத்தின் பழைய இதழ்கள் நூற்றுக்கு மேல் பிடிஎஃப் கோப்புகளாக இருக்கின்றன. அவற்றை ஏஐ செயலியில் ஏற்றிக் கேள்வி கேட்டால் 'ஆவணத்தில் தகவல் இல்லை' என்கிறது, அல்லது இல்லாததைச் சொல்கிறது. மாடல் சரியில்லையா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: மாடலைக் குறை சொல்வதற்கு முன் பிடிஎஃபைச் சோதியுங்கள். தமிழில் இந்த வேலை பெரும்பாலும் அங்கேதான் கெடுகிறது.

ஒரு கோப்பைத் திறந்து ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். மூன்றில் ஒன்று நடக்கும்.

எதுவுமே ஒட்டவில்லை என்றால் அது வெறும் படம். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் ஓசிஆர் செய்ய வேண்டும். டெசராக்ட் என்ற இலவச மென்பொருளுக்குத் தமிழ்த் தரவுக் கோப்பு இருக்கிறது. ஸ்கேன் 300 டிபிஐ இருக்கட்டும், கோணலாக இருந்தால் முதலில் நேராக்குங்கள். இரண்டு பத்திகளாக அச்சான பக்கத்தை அப்படியே கொடுத்தால் இடப் பத்தியின் வரியும் வலப் பத்தியின் வரியும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளக்கூடும். பத்தி வாரியாக வெட்டிக் கொடுப்பதே பாதுகாப்பு. ர, ா இரண்டும் மாறி விழுவது வழக்கமான பிழை, அதைக் கண்ணால் பார்த்துத் திருத்த ஆள் ஒதுக்குங்கள்.

ஆங்கில எழுத்துகள் குவியலாக ஒட்டினால், எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் இதழ் தட்டச்சானது என்று பொருள். நடுநடுவே அரைப்புள்ளிகள் நிறைய இருந்தால் அது பாமினியாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த எழுத்துருவில் மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளி விசையில்தான் இருக்கிறது. திரையில் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் ஏஐ படிப்பது அந்த ஆங்கிலக் குவியலைத்தான். யூனிகோடு மாற்றி ஒன்றில் சரியான எழுத்துருப் பெயரைத் தேர்ந்து மாற்றுங்கள். ஒரே இதழில் தலைப்பு ஓர் எழுத்துருவிலும் உள்ளடக்கம் வேறு எழுத்துருவிலும் இருந்தால், முழுக் கோப்பையும் ஒரே தடவையில் மாற்றக் கூடாது. இடையில் வரும் உண்மையான ஆங்கிலச் சொற்களும் தமிழாக மாறி உளறலாகிவிடும். தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடைத் தரமாக ஏற்றது. அதற்குப் பிறகும் பல அச்சகங்கள் பழைய எழுத்துருக்களிலேயே இருந்ததால், இதழின் ஆண்டை வைத்து முடிவு செய்யாமல் ஒவ்வொரு கோப்பையும் ஒட்டிப் பாருங்கள்.

தமிழாகவே ஒட்டினாலும் உற்றுப் பாருங்கள். யூனிகோடில் 'கெ' என்பது முதலில் க, பிறகு கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. பிடிஎஃபிலிருந்து எடுக்கும்போது சில நேரம் கண்ணுக்குத் தெரியும் வரிசையில், கொம்பு முன்னால் வந்துவிடும். 'ஒ'கர உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். பார்வைக்கு ஒன்று, கணினிக்கு வேறு வேறு. எல்லாக் கோப்புகளையும் என்எஃப்சி என்ற சீராக்கத்துக்கு ஒருமுறை உட்படுத்தினால் இந்த இரட்டை ஒன்றாகும். வரிசை மாறிய கொம்பும், ஔகாரக் குறிக்குப் பதில் 'ள' எழுத்தைத் தட்டிய பிழையும் அதில் சரியாகாது, தனியாகத் திருத்த வேண்டும்.

உரை சுத்தமான பிறகுதான் தேடலுக்கு வரலாம். இத்தகைய செயலிகள் ஆவணத்தைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டின் பொருளையும் எண்வரிசையாக்கி, கேள்விக்கு நெருங்கிய சில துண்டுகளை மட்டும் மாடலிடம் கொடுக்கின்றன. எண்வரிசையாக்கும் வேலையைச் செய்வது எம்பெடிங் மாடல் என்ற தனி மாடல். பல செயலிகளில் இயல்பாக வருவது ஆங்கிலத்துக்குப் பயிற்றுவித்தது. அதை மாற்றாவிட்டால் தமிழ்க் கேள்விக்குச் சம்பந்தமில்லாத துண்டுகளே வரும், மாடல் எவ்வளவு பெரியதானாலும் பயனில்லை. அமைப்பில் போய் பிஜிஇ-எம்3 போன்ற பன்மொழி மாடலை வையுங்கள். மாற்றியதும் எல்லாக் கோப்புகளையும் முதலிலிருந்து அட்டவணைப்படுத்த வேண்டும். பழைய எண்வரிசையோடு புதியது ஒத்துப்போகாது.

துண்டு ஒவ்வொன்றிலும் இதழின் பெயர், மாதம், பக்க எண்ணைச் சேர்த்து வையுங்கள். 'பக்க எண்ணோடு மூல வரியை அப்படியே காட்டு' என்று கேளுங்கள். காட்டும் வரி இதழில் இருக்கிறதா என்று திறந்து பார்ப்பதே இல்லாததைச் சொல்வதைப் பிடிக்கும் நம்பகமான வழி. ஆட்பெயர், இதழ் எண் போன்றவற்றுக்கு இந்தப் பொருள்வழித் தேடல் தடுமாறும். அங்கே பழைய சொல் தேடலே மேல். இரண்டையும் சேர்த்துத் தேடும் 'ஹைப்ரிட்' விருப்பம் இருந்தால் போட்டுவிடுங்கள்.

நூறு இதழையும் ஒன்றாக ஏற்றாதீர்கள். ஐந்து இதழை எடுத்து, பதில் உங்களுக்கே தெரிந்த இருபது கேள்விகளைக் கேட்டுத் தேறிய பிறகு மற்றவற்றுக்குப் போங்கள். இந்த இதழ்களின் உரை சரியாக யூனிகோடுக்கு வந்துவிட்டால், நாளை எந்தச் செயலி வந்தாலும் அதில் ஏற்றலாம். செலவிடும் உழைப்பில் பெரும்பங்கு அதற்கே போகட்டும்.

கேள்வி: தமிழில் பதில் சொல்லும் சாட்பாட் செய்கிறேன். அதே கேள்விக்கு ஆங்கிலத்தைவிடத் தமிழில் கட்டணம் பல மடங்கு வருகிறது. சில நேரம் பதிலின் நடுவே கேள்விக்குறி போட்ட கட்டங்கள் தெரிகின்றன.
– மென்பொருள் மாணவி, கோவை

பதில்: கட்டணம் டோக்கன் கணக்கில். மாடல் படிப்பதற்காக உரையை உடைக்கும் துண்டுதான் டோக்கன், உடைக்கும் நிரல் டோக்கனைசர். எழுத்தைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். 'தமிழ்' என்பது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறிகள், 15 பைட். ஒரு டோக்கனைசரின் அகராதியில் தமிழ்த் துண்டுகள் குறைவாக இருந்தால் சொல் பொடிப்பொடியாக உடையும், எண்ணிக்கை ஏறும். 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வந்தபோது ஓப்பன்ஏஐ காட்டிய எடுத்துக்காட்டில், ஒரே தமிழ் வாசகம் பழைய டோக்கனைசரில் 116 டோக்கன், புதியதில் 35. ஆகவே விலைப்பட்டியலை மட்டும் ஒப்பிடாமல், உங்கள் சொந்தத் தமிழ் உரையைக் கொடுத்து டோக்கனை எண்ணிப் பார்த்த பிறகு மாடலைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு கேள்வியோடும் போகும் நிரந்தர அறிவுரைகளை ஆங்கிலத்தில் எழுதி, பதிலை மட்டும் தமிழில் கேட்டாலும் செலவு குறையும்.

கட்டம் தெரிவது உங்கள் நிரலின் கோளாறாகத்தான் இருக்கும். பதில் துண்டு துண்டாக வரும்போது ஓர் எழுத்தின் 3 பைட்டும் இரண்டு துண்டுகளில் பிரிந்து வரலாம். வந்த துண்டை உடனுக்குடன் எழுத்தாக மாற்றினால் அரை எழுத்து கட்டமாகும். அரைகுறையாக வந்த பைட்டுகளைக் கையில் வைத்திருந்து அடுத்த துண்டோடு சேர்க்கும் இன்கிரிமென்டல் டிகோடரைப் பயன்படுத்துங்கள். அதேபோல் உரையை '100 எழுத்து' என்று வெட்டும்போது குறிகளை எண்ணி வெட்டாதீர்கள். 'கொ'வின் நடுவில் வெட்டு விழுந்தால் வெறும் 'க' நிற்கும். கிராஃபீம், அதாவது கண்ணுக்குத் தெரியும் முழு எழுத்து, என்ற கணக்கில் வெட்டும் நூலகங்கள் பெரும்பாலான நிரல் மொழிகளுக்கு உண்டு.

கேள்வி: கூகுள் கணக்கைத் திறந்தால் 'பாஸ்கீ உருவாக்கு' என்று அடிக்கடி கேட்கிறது. போன் தொலைந்தால் கணக்கும் போய்விடுமா?
– இல்லத்தரசி, திருநெல்வேலி

பதில்: போகாது, உருவாக்குங்கள். பாஸ்வேர்டுக்குப் பதிலாக, போனில் விரல்ரேகை வைத்தோ பூட்டைத் திறந்தோ கணக்கில் நுழையும் முறைதான் பாஸ்கீ. பாஸ்கீயில் ரகசியச் சாவியை நீங்கள் எங்கும் தட்டச்சு செய்வதில்லை, அதற்கு இணையான பொதுச் சாவி மட்டுமே தளத்திடம் இருக்கும். அந்த ரகசியச் சாவி உண்மையான இணைய முகவரிக்கு மட்டுமே வேலை செய்யும். வங்கி போலவே தோன்றும் போலிப் பக்கத்தில் நீங்கள் ஏமாந்தாலும் போன் ஏமாறாது. ஓடிபியில் இந்தப் பாதுகாப்பு இல்லை.

கூகுள் கணக்கில் செக்யூரிட்டி பகுதிக்குப் போய் 'பாஸ்கீஸ்' என்பதைத் தொட்டு, விரல்ரேகை வைத்தால் முடிந்தது. ஆண்ட்ராய்டு 9 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். பாஸ்கீ உங்கள் கணக்கோடு ஒத்திசைவதால் புதுப் போனிலும் திரும்பப் பெறலாம். ஆனாலும் அதே செக்யூரிட்டி பகுதியில் '2-ஸ்டெப் வெரிஃபிகேஷன்' போட்டிருந்தால் 'பேக்கப் கோடு' பத்து கொடுப்பார்கள், தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். மீட்பு எண்ணாக இப்போது பயன்பாட்டில் உள்ள எண் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கவனிக்க வேண்டியவை: போனின் பேட்டர்ன் தெரிந்த யாரும் கணக்கைத் திறக்க முடியும். பிரவுசிங் சென்டர் கணினியில் பாஸ்கீ உருவாக்காதீர்கள். அங்கே க்யூஆர் கோடை உங்கள் போனால் ஸ்கேன் செய்து நுழையலாம். அதற்கு இரண்டிலும் புளூடூத் வேண்டும், பல சென்டர் கணினிகளில் புளூடூத் இல்லாததால்தான் அது தோற்கிறது. பாஸ்கீ வந்த பிறகும் பழைய பாஸ்வேர்டு கணக்கில் இருக்கும். அது பிறந்த தேதியாக இருந்தால் இன்றே மாற்றுங்கள்.

கேள்வி: குவான்டம் கணினி வந்தால் எல்லாக் குறியாக்கமும் உடையும் என்கிறார்கள். இப்போதே ஏதாவது நடக்கிறதா?
– கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: நடந்துகொண்டிருக்கிறது. குறியாக்கிப் போகும் தரவை இன்று பதிவு செய்து வைத்து, குவான்டம் கணினி வந்த பிறகு உடைப்பார்கள் என்பதுதான் கவலை. அமெரிக்காவின் தரநிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டி, குவான்டம் கணினியையும் தாங்கும்படி வடிவமைத்த மூன்று புதிய தரங்களை 2024 ஆகஸ்டில் இறுதி செய்தது. அவற்றில் சாவிப் பரிமாற்றத்துக்கானது எம்எல்-கெம். சிக்னல் செயலி 2023-லேயே இந்த வகைப் பாதுகாப்புக்கு மாறத் தொடங்கியது, குரோம் 2024-இல் இயல்பாகவே போட்டுவிட்டது.

நெட்வொர்க் வேலைக்குப் போக நினைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். பழைய முறையில் அனுப்பும் சாவி 32 பைட். எம்எல்-கெம்-768-இல் அது 1184 பைட். இதனால் இணைப்பின் முதல் செய்தி வழக்கமான 1500 பைட் பாக்கெட்டுக்குள் அடங்காமல் இரண்டாகப் பிரியும். முதல் பாக்கெட்டிலேயே எல்லாம் இருக்கும் என்று எழுதப்பட்ட சில பழைய ஃபயர்வால்கள் இணைப்பைத் துண்டித்துவிடுகின்றன. ஒரு தளம் புதிய குரோமில் மட்டும் திறக்காமல் பழைய பிரவுசரில் திறந்தால், இந்த இடத்தையும் சந்தேகப்படுங்கள். தீர்வு ஃபயர்வாலின் மென்பொருளைப் புதுப்பிப்பது. குரோமில் எஃப்12 அழுத்தி செக்யூரிட்டி பகுதியைத் திறந்தால் அந்த இணைப்பின் சாவி முறையைக் காட்டும். அதில் எம்எல்கெம்768 (MLKEM768) என்ற பெயர் இருந்தால் உங்கள் கணினியும் அந்தத் தளமும் புதிய முறையில் பேசுகின்றன.